பிளாவும் கிண்ணமும்: தீவகத்துக் கள்ளின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே பரந்து கிடக்கும் தீவுகளுக்கு ஒல்லாந்தர் தம் தாய்நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். காரைதீவு அம்ஸ்ரர்டாம் ஆயிற்று. ஊர்காவற்றுறையும் வேலணையும் அடங்கிய தீவு லெய்டன் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க் எனவும், அனலைதீவு றொட்டர்டாம் எனவும், நயினாதீவு ஹார்லெம் எனவும், நெடுந்தீவு டெல்ப்ற் எனவும் அவர்தம் ஏடுகளிலும் படங்களிலும் இடம்பெற்றன. இப்பெயர்களுள் டெல்ப்ற் என்பது ஆங்கில வழக்கில் இன்றும் நிலைத்துள்ளது.

பெயர் சூட்டியோர் எண்ணியிராத ஒற்றுமையொன்று இப்பெயர்களிலே பொதிந்து கிடக்கிறது. ஒல்லாந்து நாட்டு ஹார்லெமும் டெல்ப்றும் மத்திய காலத்திலே பியர் வடிப்பினாற் புகழ்பெற்ற நகரங்கள். டெல்ப்ற் நகரில் நூற்றுக்கு மேற்பட்ட வடிசாலைகள் இருந்த காலமுண்டு. பதினேழாம் நூற்றாண்டிலே அத்தொழில் நலிவுற்றபோது, மூடப்பட்ட வடிசாலைகள் பல மட்பாண்டச் சாலைகளாயின. உலகம் போற்றும் நீலவண்ண டெல்ப்ற் பாண்டங்கள் அவ்வாறு கைவிடப்பட்ட கட்டடங்களிலேயே பெரும்பாலும் உருவாகின. ஆகவே, பியர் நகரங்கள் இரண்டின் பெயர்கள் கள் இறக்கும் தீவுகள் இரண்டின்மேல் வந்து பொருந்தின எனலாம். ஆயின், அங்கு குடிவகை வடித்தோன் நகரத்தின் மதிப்புக்குரிய குடிமகனாகத் திகழ்ந்தான். இங்கு கள் இறக்கியோன் ஊரின் ஓரத்திலே நிறுத்தப்பட்டான். இவ்வேறுபாடு பானத்தின் சுவையினால் வந்ததா, அன்றிச் சமுதாயத்தின் அமைப்பினால் வந்ததா என்பது ஆராயத்தக்கது.

தமிழர் தொன்மையிலே கள் இழிவுற்ற பொருளாக இருந்ததில்லை. நறவு, தேறல், பிழி, மட்டு, தோப்பி எனச் சங்கச் செய்யுள்கள் வழங்கும் பெயர்களே சுவை வேற்றுமைகளை நுணுகியறிந்த ஒரு சமுதாயத்தைக் காட்டுவன. மூங்கிற் குழாயில் இட்டு முற்றவைத்த தேறலைப் பற்றிய குறிப்புகள் உள. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுக் கையறுநிலை, அவன் தன்னொடு கள்ளைப் பகிர்ந்த பான்மையையே முதலில் நினைவுகூர்கின்றது. பெரும்பாணாற்றுப்படை அரிசிக் கூழிலிருந்து கள் சமைக்கும் முறையொன்றைக் கூறும். முளைத்த நெல்லை இடித்து அதனுடன் கலந்தனர் என உரைகாரர் பொருள் கொள்வர். தானியத்தை முளைக்கவிட்டு, அதன் மாச்சத்தை இனிப்பாக்கி, அவ்வினிப்பை நொதிக்கவிடும் இம்முறைதான் ஐரோப்பியரின் பியருக்கும் அடிப்படை. தானியக் கள்ளை அறியாத இனமன்று தமிழினம் என்பது இதனாற் பெறப்படும்.

அறநூல்கள் வேறு குரலில் ஒலித்தன. திருக்குறள் கள்ளுண்ணாமைக்கெனத் தனி அதிகாரம் வகுத்தது. பௌத்த காப்பியமான மணிமேகலையிலே, கப்பல் உடைந்து நாகர் மலையிற் கரையொதுங்கிய சாதுவனுக்கு நாகர் தலைவன் கள்ளும் ஊனும் அளித்து உபசரிக்க முனைகின்றான். சாதுவன் மறுக்கிறான். அவையின்றி வாழ்வில் இன்பம் யாது என்று தலைவன் வியந்து வினவுகிறான். மணிபல்லவத்தை நயினாதீவாகக் கொள்வோர் பலர். அவர் கொள்கை ஏற்கப்படினும் படாவிடினும், கடல்சூழ்ந்த நிலத்தில் கள் உபசாரப் பொருளா, விலக்கற் பொருளா என்ற வழக்கு இத்துணைப் பழமையானது என்பதற்கு இக்காப்பியம் சான்று. இங்கு ஒன்று கருதத்தக்கது: குறளும் மணிமேகலையும் கண்டித்தது உண்பதையே, கள் இறக்குவோன் கையை அவை தீட்டெனக் கூறவில்லை.

இனி, மேலைநாட்டுப் பானத்தை நோக்குவோம். தாழ்நாடுகள் என ஒருங்கு வழங்கப்பட்ட நிலப்பகுதி பதினாறாம் நூற்றாண்டிலே ஸ்பானிய முடிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்து இரண்டுபட்டது. வடபகுதி ஒல்லாந்தக் குடியரசாயிற்று. தென்பகுதி கத்தோலிக்கமாக நிலைத்து, 1830இல் பெல்ஜியம் என்னும் தனிநாடாயிற்று. வரலாற்றின் விந்தையொன்றை இவ்விடத்திற் குறிப்பிடலாம். 1580 முதல் 1640 வரை போர்த்துக்கல்லும் ஸ்பெயினும் ஒரே மன்னரின் ஆட்சியில் இருந்தன. போர்த்துக்கேயர் யாழ்ப்பாண இராச்சியத்தை 1619இல் வீழ்த்தினர். தென்தாழ்நாடுகள் 1621இல் மீளவும் ஸ்பானிய மன்னரின் நேர் ஆட்சிக்குள் வந்தன. எனவே 1621 தொடக்கம் 1640 வரை நெடுந்தீவுப் பனங்கூடலும் பெல்ஜிய வடிசாலையும் ஒரே முடியின்கீழ் இருந்தன.

பெல்ஜிய நாட்டுக் கரும்பழுப்பு நிறப் பியர் துறவிமடங்களோடு தொடர்புடையது. வெஸ்ற்மால் மடம் 1836இல் திராப்பிஸ்ற் சபையின் முழுநிலை மடமாயிற்று. அவ்வாண்டிலேயே துறவியர் தம் உணவுடன் அருந்தத் தாமே பியர் வடிக்கத் தொடங்கினர். 1856இல் பழுப்புநிறப் பியரொன்றையும் சேர்த்தனர். அது 1926இல் திருத்தியமைக்கப்பட்டு, இன்று 'டுபெல்' என வழங்கும் வகைக்கு முன்மாதிரியாயிற்று. முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையும், கருகுமளவுக்குக் காய்ச்சிய சீனியும் அதற்கு நிறம் அளிக்கின்றன. போத்தலில் அடைத்த பின்னரும் உள்ளே மதுவம் உயிரோடிருந்து மீண்டும் நொதிக்கின்றது. சுவையறிவோர் கூற்றுப்படி, முதலில் மூக்கிற் படுவது உலர்ந்த முந்திரிகையின் மணமும் வாழைப்பழத்தின் மெல்லிய வாசனையும். நாவிற் படுவது வறுத்த தானியச் சுவையும் கருக்கிய சீனியின் இனிப்பும். விழுங்கிய பின்னர் இனிப்பு மறைந்து சிறிது கைப்பும் உலர்ந்த தன்மையும் எஞ்சும். மதுசாரம் நூற்றுக்கு 6 முதல் 7 பங்கு வரை அமையும். இதனை அகன்ற வாயுடைய கிண்ணத்தில் வார்த்து, அவசரமின்றிப் பருகுவர்.

தீவகத்துக் கள்ளின் சுவை இத்தகைய நிலையான ஒன்றன்று. அது பொழுதோடு மாறுவது. மாரி கழிந்து பாளைகள் வெளிப்படும் காலத்திலே சீவல் தொழிலாளி தளநாரைக் காலிற் பூட்டி, பாளைக்கத்தியை இடையிற் செருகி, 60, 70 அடி உயர்ந்த பனையில் ஏறுகிறான். பாளையைக் கட்டி, பொல்லினாற் பதமாகத் தட்டி, நுனியை மெல்லியதாகச் சீவி, முட்டியைக் கட்டுகிறான். காலையும் மாலையும் தவறாது ஏறிச் சீவாவிடிற் பாளை வறண்டுவிடும். தட்டின் வன்மை கூடினும் குறையினும் சாறு வாராது. ஆண்பனைக்கும் பெண்பனைக்கும் தட்டும் முறை வேறு. ஏட்டிலே எழுதப்படாத இவ்வறிவு தந்தையிடமிருந்து மைந்தனுக்குக் கையாலும் கண்ணாலும் வந்தது.

பாளையிலிருந்து சொட்டும் சாற்றிலே நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் இனிப்பு உண்டு. முட்டியிற் படிந்திருக்கும் மதுவமும் பற்றீரியாவும் உடனே தம் தொழிலைத் தொடங்கிவிடும். பியருக்கு முளைகட்டலும் வறுத்தலும் காய்ச்சலும் வேண்டும். கள்ளுக்கோ மரமே வடிசாலை. விடியலில் இறக்கிய கள் பால்போல் வெளுத்து, இனிப்பு மிகுந்து, நாவிலே சிறிது சுறுக்கென்று தைக்கும். உச்சிப் பொழுதில் இனிப்புக் குறைந்து, மதுசாரம் நூற்றுக்கு 4, 5 பங்களவுக்கு ஏறிக் கடுப்பு மிகும். அந்தியிற் புளிப்பு மேலோங்கும். மறுநாள் அது வினாகிரியை நோக்கிச் செல்லும். தென்னங்கள்ளையும் பனங்கள்ளையும் ஒரு மிடற்றில் வேறுபடுத்துவோரும், எந்தப் பனையின் கள் என்று சொல்வோரும் ஊர்தோறும் இருந்தனர். பெல்ஜியத்தின் கிண்ணத்துக்கு ஈடாக இங்கு பிளா இருந்தது. பனையோலையை மடித்து முடிந்த அப்பாத்திரம் கள்ளுக்கும் கூழுக்கும் உரியது. பச்சோலையின் மணமும் கள்ளின் சுவையில் ஒரு பகுதியாயிற்று.

முட்டியின் உட்புறத்திலே சுண்ணாம்பு பூசிவிட்டால் நொதித்தல் தடைப்படும். அவ்வாறு பெறப்படுவது கருப்பணி. அதனைக் காய்ச்சினாற் பாணி. மேலும் காய்ச்சி இறுக்கினாற் பனங்கட்டி. ஓலையால் இழைத்த சிறு குட்டான்களில் வார்க்கப்படும் பனங்கட்டியின் சுவையை ஆராய்ந்தால், பெல்ஜியப் பழுப்புப் பியரின் கருமையான இனிப்பை அங்கே காணலாம். இரண்டிலும் சர்க்கரை நெருப்பிற் கருகிப் பெற்ற மணமே உள்ளது. மேலைநாட்டான் கருக்கிய இனிப்பையும் நொதிப்பையும் ஒரே கிண்ணத்தில் இணைத்தான். தீவகத்தான் அவற்றைச் சுண்ணாம்பினாற் பிரித்து, ஒன்றைக் குட்டானிலும் மற்றதை முட்டியிலும் வைத்தான்.

இப்பிரிவு இரு பொருள்களின் சமுதாய மதிப்பையும் பிரித்தது. பனங்கட்டி வீட்டின் அடுக்களை வரை சென்றது. பொங்கலிலும் பலகாரத்திலும் கலந்தது. கள் வேலிக்கு அப்பால் நின்றது. எனினும் இரண்டையும் தந்த மரம் ஒன்றே. ஏறிய காலும் சீவிய கையும் ஒன்றே. பனங்கட்டிக்கு வாயில் திறந்த வீடு, அதனைத் தந்தவனுக்கு வாயிலைத் திறக்கவில்லை. இழிவு பானத்திலிருந்து தொழிலாளிக்குப் பரவியது என்று கூறுவோர் இவ்வுண்மையைக் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

அந்நியர் ஆட்சி இவ்வமைப்பை வருவாய்க்கு ஏற்பப் பயன்படுத்தியது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர்க்குப் பனை முதலிற் கண்ணிற்பட்டது மரமாகவே. பனஞ்சலாகைகளும் வளைகளும் யாழ்ப்பாணத்திலிருந்து சோழமண்டலக் கரைக்கு ஏற்றுமதியாயின. யானை, சங்கு, சாயவேர் ஆகியவற்றோடு இதுவும் அவர்தம் வருவாயிற் சேர்ந்தது. நெடுந்தீவு குதிரை வளர்ப்புக்கு இடமாயிற்று. ஊர்காவற்றுறைக் கடலிலே ஹம்மன்ஹீல் கோட்டை காவல் நின்றது. ஒல்லாந்தக் கம்பனியின் கப்பல்கள் ஆசியாவுக்கு ஏற்றிவந்த குடிவகைகளுள் பிரவுன்ஸ்வைக் நகரின் 'மும்மே' என்னும் கருநிறப் பியரும் ஒன்று. முளைத்தானியச் செறிவு மிக்க அது நீண்ட கடற்பயணத்திலும் கெடாது எனப் பெயர்பெற்றது. ஆயின் ஐரோப்பாவிலிருந்து வரும் பியர் விலையுயர்ந்தது, வெப்பத்திற் கெடுவது. கீழ்த்திசையிலே கம்பனியின் போர்வீரரும் மாலுமிகளும் பெரும்பாலும் அருந்தியது கள்ளிலிருந்து வடித்த சாராயமே. தம் நகரத்துப் பியரின் பெயரால் அன்றி, நகரத்தின் பெயரால் மட்டுமே அவர்கள் தீவுகளை ஆளமுடிந்தது.

1795இல் ஆங்கிலேயர் வந்தனர். அவர்கள் ஆட்சியில் தவறணைகள் குத்தகைக்கு விடப்பட்டன. 'தவறணை' என்னும் சொல்லே மேனாட்டார் கொணர்ந்தது. ஏலத்தில் மிகுந்த தொகை கேட்டவன் குத்தகைக்காரன் ஆனான். மரத்தில் ஏறுவோன் தான் இறக்கிய கள்ளை அவனுக்கே விற்கவேண்டியவனானான். உயிரைப் பணயம் வைத்தவனுக்குக் கூலியும், நிலத்தில் நின்றவனுக்கு இலாபமும், அரசுக்கு வரியும் என்ற பங்கீடு உறுதிப்பட்டது. பனைகள் நிற்கும் காணியும் பெரும்பாலும் அவனுடையதன்று; மரத்துக்கும் வாரம் கொடுக்க வேண்டியிருந்தது. வில்லியம் பெர்குசன் 1850இற் கொழும்பில் வெளியிட்ட பனை பற்றிய நூல், பனையின் பயன்கள் 801 எனத் தாலவிலாசம் என்னும் தமிழ்நூல் பட்டியலிடுவதை எடுத்துக் கூறுகின்றது. எண்ணூற்றொரு பயன்களும் யாருக்குச் சென்றன என்ற வினாவை அக்கால நூல்கள் எழுப்பவில்லை.

சட்டம் சுவையையும் மாற்றும் என்பதற்கு இருநாட்டு வரலாறும் சான்று பகரும். பெல்ஜியத்திலே 1919இல் வண்டர்வெல்டே சட்டம் பொதுவிடங்களில் வடித்த மதுவகைகளை விற்பதைத் தடைசெய்தது. தொழிலாளர் குடும்பங்கள் சீரழிவதைத் தடுப்பதே அதன் நோக்கம். அதன் விளைவாக வீரியமிக்க பியர் வகைகள் வளர்ச்சியுற்றன. இலங்கையிலே 1912ஆம் ஆண்டின் கலால் சட்டம் தவறணை முறையைச் சீரமைத்தபோது, அதற்கெதிராக மதுவிலக்கு இயக்கம் நாடெங்கும் வலுப்பெற்றது. யாழ்ப்பாணத்திலே அமெரிக்க மிசனரிமாரும், சைவத்தின் சார்பில் ஆறுமுக நாவலரும் முந்திய நூற்றாண்டிலேயே குடியைக் கண்டித்திருந்தனர். 1924இல் தோன்றிய மாணவர் காங்கிரஸ் பின்னர் வாலிபர் காங்கிரசாக வளர்ந்தது. அதன் அழைப்பை ஏற்று 1927 நவம்பரிற் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தார்.

மதுவிலக்காளரின் நோக்கம் குறைகூறத்தக்கதன்று. குடியினால் அழிந்த குடும்பங்களின் துயரம் கற்பனையன்று. அத்துயரத்திற் பெரும்பங்கைச் சுமந்தோர் பெண்களும் குழந்தைகளும். எனினும், தவறணையை மூடுமாறு கேட்ட குரல்களுட் பல, மரத்திலிருந்து இறங்கியவன் மறுநாள் எதனை உண்பான் என்று கேட்கவில்லை. அவனுக்குக் காணியில்லை, கிணற்றில் உரிமையில்லை, கோயிலில் நுழைவில்லை, பல இடங்களிற் பள்ளியில் இருக்கையுமில்லை. வாங்குவோர் பலர் மறைவில் வாங்கி, வெளியில் இகழ்ந்தனர். பிளாவின் வசதியும் இவ்விடத்தில் நோக்கத்தக்கது. குடித்தபின் எறியப்படும் பாத்திரம் அது. தீட்டு எண்ணம் மிக்க சமுதாயத்திலே, தொழிலாளியின் பாத்திரத்தைத் தொடாமலே அவன் உழைப்பை அருந்துவதற்கு அது துணைபுரிந்தது.

துறவியர் மடத்துப் பியரோடு ஒப்பிடும்போது இவ்வேறுபாடு தெளிவுறும். அங்கு கைத்தொழிலும் வழிபாட்டின் ஒரு கூறாகக் கருதப்பட்டது. வடித்தவன் கை தூயது எனக் கொள்ளப்பட்டதால் வடிக்கப்பட்டதும் மதிப்புற்றது. இங்கு உழைத்தவன் கை தீட்டு எனக் கொள்ளப்பட்டதால் அவன் தந்ததும் தாழ்வுற்றது. நாவிற்குரிய தீர்ப்பைச் சாதி வழங்கிற்று. பெல்ஜியத்தின் பியர்ப் பண்பாடு 2016இல் யுனெஸ்கோவின் மானிடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. பாளை சீவும் கைத்திறனை அவ்வாறு எண்ணிப் பார்த்தவர் மிகச் சிலரே.

மாற்றம் தொழிலாளரிடமிருந்தே வந்தது. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் ஏட்டளவில் நின்றபோது, 1966 ஒக்ரோபரில் எழுந்த தீண்டாமை ஒழிப்புப் போராட்டம் தேநீர்க் கடைகளையும் கோயில்களையும் திறக்கச் செய்தது. கே. டானியலின் 'பஞ்சமர்' போன்ற நாவல்கள் இவ்வெழுச்சியின் இலக்கியப் பதிவுகள். 1970களிலே தவறணைக் குத்தகைக்காரரின் பிடி தளர்ந்து, சீவல் தொழிலாளர் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்களில் ஒன்றுசேர்ந்தனர். கள்ளைச் சங்கம் கொள்வனவு செய்தது. தொழிலாளி அதன் அங்கத்தவனானான். 1978இல் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. மரத்தின் உச்சியில் தொடங்கிய உழைப்புக்கு முதன்முறையாகத் தரையிலும் ஒரு குரல் கிடைத்தது எனலாம்.

அக்குரல் நிலைபெறுமுன் போர் வந்தது. 1990இல் இராணுவம் ஊர்காவற்றுறைப் பகுதிக்குள் வந்தபோது தீவகத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். வேலணையிலும் புங்குடுதீவிலும் வீடுகள் ஆளின்றிக் கிடந்தன. வடபுலமெங்கும் பனைகள் காவலரண்களுக்குத் தறிக்கப்பட்டன, எறிகணைகளால் முடியிழந்தன. ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் சென்றோரின் பிள்ளைகள் தளநாரைக் கண்டிலர். தாயகத்திலும் மரமேறுவோர் தொகை குறைந்து வருகின்றது. தம் மைந்தர் இத்தொழிலுக்கு வரவேண்டாம் என்று தந்தையரே கூறுகின்றனர். இதனைக் குற்றமாகக் கொள்ளல் தகாது. இழிவோடு பிணைக்கப்பட்ட ஒரு கைத்திறனை விட்டு நீங்குதல் விடுதலையே. கைத்திறன் அழியாதிருக்க வேண்டுமாயின், பிணைக்கப்பட்ட இழிவு முதலில் அழிதல் வேண்டும்.

இன்று கள் போத்தலிலும் அடைக்கப்படுகிறது, கடல்கடந்தும் செல்கிறது. கெடாதிருக்க அதனைச் சூடாக்கி மதுவத்தைக் கொல்லுகின்றனர். அதனால் காலைக்கும் அந்திக்கும் இடையே மாறும் சுவை, ஒரு பொழுதிலே நின்றுவிடுகின்றது. பெல்ஜியப் போத்தலில் மதுவம் உயிரோடிருக்க, தீவகத்துப் போத்தலில் அது இறந்து கிடக்கின்றது. வாணிகத்துக்கு இது தேவையாகலாம். ஆயின் நெடுந்தீவின் பனையடியிலே பிளாவை ஏந்தியவன் அறிந்த சுவை அதுவன்று.

கள்ளுண்ணாமை பற்றி வள்ளுவர் கூறியது இன்றும் பொருந்துவதே; குடியைப் போற்றுவது வரலாற்றின் பணியன்று. ஆனால் ஒரு பானத்தை இகழ்தல் வேறு. அதனைத் தரும் மனிதனை இகழ்தல் வேறு. முன்னையது அறத்தின்பாற்பட்டதாகலாம். பின்னையது அறத்தின் போர்வையில் வந்த அநீதி. ஹார்லெம், டெல்ப்ற் என்னும் பெயர்களைத் தீவுகள் ஏற்றன. அந்நகரங்கள் தம் வடிப்போர்க்கு அளித்த மதிப்பை ஏற்கவில்லை. அம்மதிப்பைப் பாளை சீவியோர் தம் போராட்டத்தினாற் பெறவேண்டியதாயிற்று. தீவகத்தின் வரலாறு எழுதப்படும்போது கோட்டைகளுக்கும் துறைமுகங்களுக்கும் கோயில்களுக்கும் அளிக்கப்படும் இடத்திலே, நாளிருமுறை வானுயர ஏறி இறங்கிய அம்மனிதர்க்கும் ஓர் இடம் உண்டு. அவ்விடத்தை அளிப்பது அவர்களுக்குச் செய்யும் உபகாரமன்று; வரலாறு தன் கடன் தீர்ப்பதே.